ஒரு கோடு கூட்டுப்பா

"ரூமுக்கு ரூம் ஏசி டயல் எதுக்குங்க? எல்லாத்தையும் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து பார்த்துக்கலாம்னுதானே புது சிஸ்டம் போடறோம்?" என்றார் ஆஸ்பத்திரி நிர்வாகி அம்மா.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கட்டடத்தின் ஏசி, விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் பழைய சிஸ்டத்துக்கு வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. உதிரி பாகம் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக எது எங்கே வரவேண்டும் என்று திட்டம் போட வந்த இன்ஜினியர், சாதாரணமாக யாரோடும் மல்லுக்கு நிற்கிற ஆளில்லை. கேட்டதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இன்றைக்கு என்னவோ விடாப்பிடியாக இருந்தான்.

"படுத்திருக்கறவங்க கைக்கு எட்டற மாதிரி ஒரு டயல் வேணும் மேடம். மத்ததுல எவ்வளவு வேணாலும் குறைச்சுக்கலாம்."

"ஏன் இப்படி ஒத்தைக் கால்ல நிக்கறீங்க?"

அவன் தயங்கினான். "எங்கம்மா இங்கதான் இருந்தாங்க. மூணாவது மாடி, கடைசி ரூம். போன வருஷம்."

நிர்வாகி பேனாவைக் கீழே வைத்தார்.

"டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. மருந்து, ஊசி எல்லாம் நர்சுங்க பார்த்துக்கிட்டாங்க. எனக்குன்னு செய்ய ஒண்ணுமே இல்ல. சும்மா பக்கத்துல உக்காந்து அழுதுகிட்டிருப்பேன். அப்பத்தான் அம்மா, 'குளிருதுடா, ஒரு கோடு கூட்டுப்பா'ம்பாங்க. ஓடிப்போய் சுவத்து டயலை ஒரு கோடு தள்ளித் திருகுவேன். கொஞ்ச நேரத்துல, 'ஆங், இப்ப இதமா இருக்கு. நீ தூங்கு'ன்னு ரெண்டு கையையும் போர்வைக்குள்ள இழுத்துக்குவாங்க."

"உடனே சூடாயிடுமா?"

"ஆகும் மேடம், அந்த வித்தியாசம் எனக்கே தெரியும். பெத்தவளுக்கு நான் என் கையால செஞ்சது அது ஒண்ணுதான்."

நிர்வாகி பேனாவை மறுபடி எடுத்தார். "டயல் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "பழைய வயர் ஏதாவது உபயோகப்படுமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

அவனை மேலே கூட்டிப்போனவர் வால்வு அண்ணன். அடித்தளத்து மெஷின் ரூமிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்று நர்சுகள் கேலி பேசுவார்கள்.

"முதல் மாடியில இருந்து பார்த்துட்டு வருவோமே சார்" என்றார் படியேறும்போது.

"இல்லண்ணே, மூணாவது மாடி கடைசி ரூம். எங்கம்மா இருந்த ரூம். அதுல இருந்தே ஆரம்பிப்போம்."

வால்வு அண்ணன் ஒரு படி பின்தங்கி ஏறினார்.

அறை காலியாக இருந்தது. கட்டிலில் மெத்தைகூட இல்லை. இன்ஜினியர் நேராகச் சுவரருகே போய், பழக்க தோஷத்தில் டயலை ஒரு கோடு திருகினான். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டயலை மூடியோடு கழற்றினான்.

உள்ளே விரல் நீளத்துக்கு இரண்டு வயர் துண்டுகள். நுனியில் கறுப்பு டேப் சுற்றி, அதன்மேல் தூசி படிந்திருந்தது.

"இது எங்கண்ணே போகுது?"

"எங்கயும் போகல சார்." வால்வு அண்ணன் தரையைப் பார்த்தார். "ஆளாளுக்குத் திருகித் திருகி மெஷின் அடிக்கடி படுத்துக்குச்சு. பத்து வருஷம் முன்னாடியே இந்த மாடி பூரா டயல் வயரை வெட்டிவிடச் சொல்லிட்டாங்க. கழட்டி எடுத்தா சண்டைக்கு வருவாங்கன்னு டயலை மட்டும் சுவத்துல விட்டுவெச்சோம். திருகினா ஜனங்களுக்கு ஒரு திருப்தி."

"அப்போ குளிரு?"

"கீழ நான் வெச்சதுதான் சார். ராவும் பகலும் பதினெட்டு டிகிரி."

இன்ஜினியர் கையில் டயலோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். கேட்கும்போதெல்லாம் அவன் ஓடி ஓடித் திருகியிருக்கிறான். அந்த அறை ஒரு தடவைகூடச் சூடாகவில்லை. அவன் அழுகையை நிறுத்த ஒரு வேலை வேண்டுமென்றுதான் அம்மா கூப்பிட்டிருக்கிறாள். 'இதமா இருக்கு' என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டது, அவன் தொட்டுப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.