துள்ளிய பேனா

பேனா மறுபடியும் துள்ளியது.

"சார், இதுக்கு இன்னாவோ ஆயிடுச்சு," என்றாள் ஆய்வக உதவியாளர் மஞ்சுளா.

தண்டலம் கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் அந்தப் பழைய குரோனோகிராஃப் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு காலத்தில் நில அளவைக்காரர்கள் நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் குறித்த கருவி. தொலைநோக்கியின் நடுக்கோட்டை நட்சத்திரம் கடக்கும் நொடியில் பொத்தானை அழுத்தினால், உருளையில் சுற்றிய காகிதத்தில் பேனா ஒரு துள்ளு துள்ளும்.

தொலைநோக்கியும் பொத்தானும் மொட்டை மாடியில் இருந்தன. அங்கிருந்து கீழே வயர். இன்றைய பழங்கருவிக் கண்காட்சியைத் திறந்துவைக்க ஒரகடத்திலிருந்து கம்பெனி மேலாளர் கிளம்பிவிட்டார்.

பேனா அடுத்தடுத்துத் துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது.

"மேல யார்னா கீறாங்களா சார்?"

"இந்த வெயில்ல யார் இருப்பா? வயர்மேன் செக் பண்ணிட்டு எப்பவோ கிளம்பியிருப்பார். காத்துல வயர் உரசுது, அவ்வளவுதான்," என்றார் பேராசிரியர் வனமாமலை.

மஞ்சுளா ஜன்னல் வழியே பார்த்தாள். வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"கெஸ்ட் வர்ற நேரம்மா. முதல்ல நாற்காலியைத் துடை."

துடைத்தாள். கண் மட்டும் உருளையை விட்டு நகரவில்லை. துள்ளல்கள் இப்போது தள்ளித் தள்ளி வந்தன. ஒன்று முடிந்ததும் அடுத்ததற்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள், ஏனென்று தெரியாமலே.

பிறகு அடுத்தது வரவேயில்லை. பேனா நேர்கோடாக ஓடியது.

"பாத்தியா? தானா சரியாயிடுச்சு." வனமாமலை நிம்மதியாகச் சந்தன மாலையைக் கையில் எடுத்தார்.

படியில் காலடிச் சத்தம். மாலையோடு வாசலுக்கு விரைந்தார்.

வந்தது மேலாளர் இல்லை. வியர்த்து விறுவிறுத்த ஒரு பெண். இடுப்பில் குழந்தை, கையில் தூக்குச்சட்டி. பேச்சு தெற்கத்திப் பேச்சு.

"வயர்மேன் ஆறுமுகநயினார் வீட்டுக்காரி சார். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, நெஞ்சு அடைக்குன்னாவ. சொல்லச் சொல்லக் கேக்காம இங்க கிளம்பிட்டாவ. போனும் வீட்டுலயே கெடக்கு."

"அவர் எப்பவோ போயிட்டாரேம்மா."

அவள் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"அவிய பைக்கு கீழதான சார் நிக்கு."