ஒன்று விழும் நொடி

பளபளப்புக்குக் குறைச்சலில்லாத ஒரு வலது ஷூ, லூப் பெடலின் மேல் விறைத்துக்கொண்டு நின்றது. அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். கஞ்சிரா எட்டு எண்ணிக்கை வாசிக்கும். மைக்கில் விழுந்ததையெல்லாம் பெடல் பிடித்துக்கொள்ளும். எட்டு முடிந்து மறுபடி 'ஒன்று' விழும் அதே நொடியில் ஷூ அமுக்க வேண்டும். பிறகு பாட்டு முடியும்வரை பெடல் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும்.

ஒத்திகையில் மூன்று தடவையும் தாளம் நொண்டியது.

"கஞ்சிரா இழுக்கிறான்," என்றது ஷூ.

"நான் எங்கே இழுத்தேன்? ஒன்று காதில் விழட்டும்னு நீ காத்திருக்கே. கேட்டுட்டு இறங்கினா லேட்தான்," என்றது கஞ்சிரா.

"அப்ப பெடலுக்கு ஸ்பிரிங் போச்சு."

"நீங்க கொடுத்ததைத்தான் நான் சொல்றேன்," என்றது பெடல்.

திரை விலகியது. அரங்கில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. கஞ்சிரா தொடங்கிவிட்டது. மூன்று, நான்கு, ஐந்து. இப்போதும் தப்பினால் ஊரே சிரிக்கும் என்று ஷூவுக்கு உள்ளெல்லாம் வியர்த்தது. ஆறில் அதற்குப் பொறுக்கவில்லை.

"தப்பினா உன்னாலதான்!" என்று கஞ்சிராவைப் பார்த்துக் கத்தியது.

ஏழு. எட்டு. காத்திருக்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியது.

இம்மி பிசகவில்லை.

"பார்த்தியா!" என்று ஷூ நிமிர்ந்தபோது பெடல் சொல்ல ஆரம்பித்திருந்தது. ஐந்து எண்ணிக்கை அழகாகப் போயிற்று. ஆறில், அரங்கம் முழுக்கக் கேட்டது: "தப்பினா உன்னாலதான்!"

பாட்டு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.