சிந்தாத தேநீர்

செண்டாய் நகரத்தில் நிலம் ஆடி ஓய்ந்ததும் சிசுரு தன் கணவனுக்குப் போன் போட்டாள். அப்போது காலை மணி பதினொன்று.

"ஏங்க, எங்க இருக்கீங்க? ஒண்ணும் ஆகலையே?"

"ஆபீஸ்லதான்," என்றான் தெத்சுயா. அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஏழாவது மாடி இல்லையா, உலுக்கி எடுத்துடுச்சு. பீரோவெல்லாம் சரிஞ்சு விழுந்துடுச்சு. நான் மேசைக்கு அடியில பூந்துட்டேன்."

"ஐயோ பாவம். உங்க மேனேஜர் குரோகி சார்?"

"அவர் மரம் மாதிரி நின்னுட்டார். நான்தான் கையப் பிடிச்சு உள்ள இழுத்தேன். இல்லன்னா ஆள் காலி. இப்பவும் என் பக்கத்துல நடுங்கிட்டுத்தான் இருக்கார்."

"பெரிய காரியம்தான் பண்ணியிருக்கீங்க. கொஞ்சம் இருங்க."

சிசுரு போனைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தாள். கணவன் வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா அவள் மடியில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த குரோகி அவள் பக்கம் தேநீர்க் கோப்பையை நகர்த்தினார்.

"பயப்படாம குடிங்கம்மா. இந்தக் கட்டடம் ரப்பர் தாங்கிகள் மேல நிக்குது. கீழ தரை எப்படிக் குலுங்கினாலும் மேல படகு மாதிரி மெல்லத்தான் அசையும். பாருங்க, ஒரு சொட்டு சிந்தல. போன மாசம் இங்க குடிவந்த அன்னைக்கே எல்லாருக்கும் விளக்கிச் சொன்னோம். தெத்சுயாதான் வரல. உங்களுக்கு உடம்பு முடியலன்னு லீவு. இன்னைக்கும் அதுக்குத்தான் லீவு. இப்ப தேவலையா?"

சிசுரு போனை மறுபடி காதில் வைத்தாள்.

"குரோகி சார் நடுங்கல, நல்லாத்தான் இருக்கார். எனக்கு டீ குடுத்தார். ஆமா, நீங்க எந்த ஊரு மேசைக்கு அடியில இருக்கீங்க?"