நேர்காணலுக்குப் பத்து நிமிடம்

மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, கைபேசியில் எல்லாம் ஓடுகிறது. தையல்காரரின் கணினியில் மட்டும் ஓர் இணையப் பக்கமும் திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் அதில்தான் அவர் மனைவிக்கு வேலை நேர்காணல். மேசைக்கடியில் தவழ்ந்து கேபிளை மூன்றாம் முறையாகப் பிடுங்கிச் செருகிய நண்பர், எழுந்திருக்கையில் திரையின் மூலையைப் பார்த்துவிடுகிறார். "டேய், இதுல ஏன்டா போன வருஷத் தேதி?" தையல்காரர் கழுத்திலுள்ள அளவு நாடாவைத் தடவுகிறார். "டிசைன் சாஃப்ட்வேர் ஒரு மாசந்தான் இலவசம். முடியக்கூடாதுன்னு நேத்து தேதியக் கொஞ்சம் பின்னாடி தள்ளினேன்." "ஒவ்வொரு இணையதளமும் தான் போலி இல்லன்னு ஒரு சான்றிதழக் காட்டும், அது எந்தத் தேதியிலேருந்து செல்லும்னு அதுல இருக்கும்டா. உன் கணினிக்கு அதெல்லாம் இன்னும் பிறக்காத பிள்ளைங்க. எப்படி நம்பும்?" "ஓசிக்கு ஆசைப்பட்டு என் வேலைக்கே உலை வெச்சீங்களே!" என்கிறாள் மனைவி. நண்பர் இன்றைய தேதியை வைக்கிறார். நேர்காணல் பக்கம் திறக்கிறது.