படையலுக்கு டோனட்டு

"செத்துப்போனவனுக்கு யாராச்சும் டோனட்டு சுட்டுப் படைப்பாகளா மதினி?"

முனீஸ்வரி இப்படிக் கேட்டதுக்கு, வெந்த உருளைக்கிழங்கை மசிச்சுக்கிட்டிருந்த சுந்தரம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கல.

"வேற எதையும் தொட மாட்டேங்குதே முனீசு. நான் என்னதான் செய்ய?"

முனீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடுத்த வீட்டுக்காரியாச்சேன்னு மைதா சலிச்சுக் கொடுக்க வந்தவ, சல்லடையை அப்படியே கீழே வச்சா.

விளாங்குடியில அந்தத் தெருவே இதைத்தான் பேசுது. சுந்தரம்மாளோட மகன் சிவக்குமார் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து மாசம் நாலு ஆகப்போகுது. ஊருல அமாவாசைக்கு அமாவாசை படைப்பாங்க. இந்தம்மா தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படைக்குது. போட்டோ முன்னாடி இலை போட்டு, கதவைச் சாத்திட்டு வாசப்படியில வந்து உட்கார்ந்துக்கிடும்.

போனவுக வந்து சாப்பிடட்டும்னு கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைக்கிறது எல்லா வீட்டு வழக்கம்தான். ஆனா இந்த வீட்டுல கதவைத் திறந்தா, இலையில சோறு நெசமாவே குறைஞ்சிருக்கும்! பூனைன்னு சொல்லலாம்னா, ஜன்னல் பூராவும் கொசுவலை. எலி எங்கயாவது அப்பளத்தைப் பாதி கடிச்சுட்டு மிச்சத்தை ஓரமா எடுத்து வைக்குமா?

"ரெண்டு நாளா இலை வச்சது வச்சபடியே இருக்கு." சுந்தரம்மாள் மசிச்ச கிழங்கை மைதாவுல கொட்டுச்சு. "இன்னைக்கும் திங்கலைன்னா என்ன ஆகுமோன்னு ஈரக்குலை நடுங்குதுடி."

"ஆசை அடங்காமச் சுத்துதோ என்னமோ. யாராச்சும் மந்திரிக்கிறவுகளைப் பாப்பமா?"

"மந்திரிச்சுத் தீர்ற காரியமில்ல இது. அந்த ஈஸ்ட்டை எடு."

கிழங்கும் மைதாவும் சேர்ந்த மாவு, ஈரத்துணிக்கு அடியில புசுபுசுன்னு பொங்கி நின்னுச்சு. உள்ளே ஏதோ மூச்சு விடுற மாதிரி இருக்குன்னு முனீஸ்வரி அந்தப் பக்கமே பார்க்கல. சுந்தரம்மாள் டம்ளரால வட்டம் வெட்டி, பாட்டில் மூடியால நடுவுல ஓட்டை போட்டு, எண்ணெயில விட்டெடுத்துச் சீனியில பிரட்டுச்சு.

பின்பக்கம் மருமக ரோகிணி துணி துவைச்சுக்கிட்டிருந்தா. எலும்புக்குச் சேலை சுத்தின மாதிரி இருந்தா.

"பாருங்களேன், மாமியா எண்ணெய்ச் சட்டி முன்னாடி வேகுறாக. எட்டிப் பாத்தாளா? கல்லு மனசுக்காரி!" முனீஸ்வரி நொடிச்சா.

"மெல்லப் பேசுடி!" சுந்தரம்மாள் வெடுக்குன்னு சொல்லுச்சு. "காதுல விழப்போகுது."

பொழுது சாஞ்சது. போட்டோ முன்னாடி விளக்கை ஏத்தி, இலையில சோறும் சுடச்சுட டோனட்டும் வச்சுட்டு, லைட்டை அணைச்சுக் கதவைச் சாத்துச்சு சுந்தரம்மாள். ரெண்டு பேரும் வாசப்படியில உட்கார்ந்தாங்க.

தெருவுல காத்தே இல்ல. சுந்தரம்மாளோட உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"தின்னுரு சாமி. ஒன்னாவது தின்னுரு."

அப்பத்தான் உள்ளே சத்தம் கேட்டுச்சு. இலை சரசரன்னு நகருது. கொஞ்ச நேரம் ஒன்னுமில்ல. அப்புறம் மெல்லுற சத்தம்.

முனீஸ்வரிக்கு எந்திரிச்சு வீட்டுக்கு ஓடிரலாமான்னு தோணுச்சு. ஆனா நாளைக்குத் தெருவுக்குச் சொல்ல சேதி வேணுமே! "இந்தா வாரேன் மதினி"ன்னுட்டு, சுவரோரமாப் போய் ஜன்னல் வலையில கண்ணை வச்சா.

விளக்கு வெளிச்சத்துல ஒரு கை மட்டும் தெரிஞ்சுச்சு. வத்திப்போன கை. டோனட்டை எடுக்குது, இருட்டுக்குள்ள கொண்டு போகுது. திரும்ப வருது. இன்னொன்னை எடுக்குது. ஊடால ஒரு விசும்பல்.

'அய்யோ சிவக்குமாரு'ன்னு கத்த வாயெடுத்தவ, அந்த உருவம் விளக்குப் பக்கம் குனியவும் முகத்தைப் பார்த்துட்டா.

பயம் போன இடம் தெரியல. மூச்சிரைக்க வாசலுக்கு ஓடி வந்தா.

"மதினி! பேயுமில்ல, பிசாசுமில்ல! உங்க மருமக! பின்வாசல் வழியா வந்து, கட்டுன புருஷனுக்கு வச்ச படையலை உட்கார்ந்து முழுங்கிக்கிட்டிருக்கா! ச்சீ, இவளெல்லாம்..."

சுந்தரம்மாள் பாய்ஞ்சு அவ வாயைப் பொத்துச்சு.

"கத்தாத! திங்கிறாளா?"

"திங்கிறாளாவா? ரெண்டு கையாலயும் திங்கிறா!"

சுந்தரம்மாளுக்குக் கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுருச்சு. "அப்பாடா. என் தாயி பொழைச்சுக்கிருவா."

"அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"சிவக்குமாருக்கு இனிப்பே ஆகாதுடி. டோனட்டு அவளுக்குப் பிடிச்சது."

"இதென்ன கூத்து மதினி? கூப்பிட்டு உட்கார வச்சுப் போட வேண்டியதுதான?"

"போட்டுப் பாக்கலைன்னா நினைக்கிற? கையைக்கூட நனைக்க மாட்டேங்குறா. துக்க வீட்டுல பட்டினி கெடந்தவ, ஒரு வாய் அள்ளி வச்சப்ப, 'புருஷனைத் தூக்கிப் போட்ட ஈரம் காயல, இவளுக்கு எப்பிடித்தான் சோறு இறங்குதோ'ன்னு பந்தியில வச்சுச் சொன்னியே முனீசு. அதுல இருந்து மனுசக் கண்ணு முன்னாடி அவ சாப்பிடுறதே இல்ல. என் மகன் வருவான்னா கதவைச் சாத்துறேன்? நீ பாக்காம அவ ஒரு வாய் திங்கட்டும்னுதான் சாத்துறேன்."