பையனுக்கு ஒரு குறை

"பையன் சமைப்பானா?"

வாயில் ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே அக்கா கேட்டாள். எதிரே நின்ற பொம்மைக்குப் பாதி கவுன்தான் போட்டிருந்தது. எதிரே இருந்த தங்கை தையல் மெஷினை நிறுத்தினாள். இந்தக் கடையில் பேச்சு தொடங்கினால் வேலை நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்ய இருவருக்குமே வராது.

"சமைப்பாரு. பாத்திரமும் கழுவுவாரு."

"கல்யாணத்துக்கப்புறம் வீட்டோட கிடன்னு சொல்லுவானா?"

"கடை போர்டுல என் பேரைப் பெருசா போடச் சொல்றாருக்கா!"

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கி வளர்த்த கழுதை, புத்தகம் எடுக்க லைப்ரரிக்குப் போய் அங்கே வேலை பார்க்கும் தங்கக்கட்டியையே பிடித்துவிட்டதே!

"போன வருஷம் ஒருத்தன் வந்தானே, எதிர்த்துப் பேசாத பொண்ணா வேணும்னு..."

"நீ குடுத்த பதில்ல செருப்பை விட்டுட்டு ஓடினானே!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குண்டூசிகள் தரையெல்லாம் சிதறின.

சட்டென்று தங்கையின் முகம் சுருங்கியது. "ஆனா அவருக்கு ஒரு குறை இருக்குக்கா. நீ வேணாம்னா, வேணாம்."

அக்காவுக்குப் பகீரென்றது. "குடிப்பானா?"

"சீச்சீ!"

"ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா?"

"ஐயோ, இல்ல!"

"குறட்டை விடுவானா?"

"விடட்டுமே, நமக்கென்ன?"

மறுபடியும் சிரிப்பு வந்து தொலைத்தது. அக்கா கத்தரிக்கோலை எடுத்து நீட்டி மிரட்டினாள். அது கையில் இருந்தவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கீழே வைத்தாள்.

"சொல்லித் தொலைடி. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

பதிலைப் பார்க்கப் பயந்து கண்களை இறுக மூடிக்கொண்டு, தங்கை இரண்டு கைகளாலும் மளமளவென்று சொல்லி முடித்தாள்.

"அவருக்குக் காது கேக்கும்."

மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாத குறை! அந்தரத்தில் நின்றுபோன விரல்களால் அக்கா தங்கையின் தோளைத் தட்டிக் கண்ணைத் திறக்க வைத்துவிட்டு, கையசைத்துச் சொன்னாள்: "அடப்பாவமே, பிறவியிலேயே அப்படின்னா அவன்தான் என்ன பண்ணுவான்? கையால பேச நல்லா சொல்லிக் குடுத்து, நம்மள மாதிரியே ஆக்கிடலாம் விடு!"