கதவின் நீலம்

துடைத்த துணியில் நீலம் ஒட்டியிருந்தது. ஏசுவடியான் அண்ணாச்சி அதை விரித்து என்னிடம் காட்டினார்.

ஆடி பிறந்து பத்து நாளாகியும் குற்றாலத்தில் சாரல் இல்லை. கார் ஸ்டாண்டில் காலை பத்து மணிக்கே வண்டிகளில் கை வைக்க முடியவில்லை. அப்படிச் சுட்டது.

நாங்கள் இரண்டு பேரும் வாடகைக் கார்க்காரர்கள்தான். ஆனால் ஆடி மாதத்தில் அவர் சவாரி எடுப்பதில்லை. காலையில் தென்காசியிலிருந்து வந்து அதே இடத்தில் வண்டியை நிறுத்துவார். பொழுது அடைந்த பிறகு போவார். மூன்று வருஷமாக இதுதான் அவர் தொழில்.

அறுபத்திரண்டாம் வருஷம் இதே ஆடியில், அருவிக் கூட்டத்தில் அவர் மகள் சலோமி காணாமல் போனாள். ஐந்து வயது.

கை விட்டுப்போனால் அழக் கூடாது, நம் நீலக் காரிடம் வந்து நிற்க வேண்டும் என்று அன்று காலையில்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஸ்டாண்டில் மற்ற வண்டியெல்லாம் கறுப்பு. பிள்ளைக்கு நம்பர் வாசிக்கத் தெரியாது. நீலம் தெரியும்.

போலீஸ் தேடியது. செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் என்று நாங்களும் சல்லடை போட்டுத் தேடினோம். அவர் பெண்சாதி தங்கபுஷ்பம் அதோடு பேச்சையே விட்டுவிட்டாள்.

என்றைக்காவது சலோமி வந்தால் அந்த நீலத்தைத்தான் தேடுவாள். அது போய்விடக் கூடாதென்று அண்ணாச்சி மெழுகு தேய்த்தார். தேங்காய் எண்ணெய் பூசினார். அதில் புழுதி அப்பி இன்னும் கெட்டது. திருநெல்வேலியில் பெயிண்டர் மூன்று தினுசாகக் கலக்கிக் காட்டினான். ஒன்றுமே அந்த நீலமாக இல்லை.

போன வருஷம் கூரை சாம்பல் நிறமாக வெளுத்துப்போனது. போகட்டும், சின்னப் பிள்ளையின் கண்ணுக்குக் கதவுதானே தெரியும் என்று என்னிடம் சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டார்.

இன்று துணியில் வந்தது கதவின் நீலம்.

"ஏலே ஒலி, ஒங்கிட்ட ஒரு காக்கிப் படுதா கெடந்துச்சே, அதத் தாயேன். வெயில் விழுத பக்கம் மட்டும் போட்டுக்கிடுதேன்."

இல்லை என்றேன். படுதா என் டிக்கியில்தான் இருந்தது.

அவர் துணியை மடித்தார். திரும்ப விரித்தார்.

"ஒண்ணுதாம்லே எனக்கு வெளங்கல. எம்புள்ள சொன்ன சொல்லத் தட்டமாட்டா. அவ ஏன் இங்கன வரல?"

என் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வந்திருப்பாள், அண்ணாச்சி. கட்டாயம் வந்திருப்பாள்.

அன்றைக்கும் இதே வெயில். அவர்கள் குளிக்கப் போன பின், புது வண்டி ஆயிற்றே, நிறம் கெட்டுப்போகுமே என்று என் படுதாவை எடுத்து அந்த நீலக் காரின் மேல் சக்கரம் வரைக்கும் இழுத்துப் போர்த்தினேன். ஆள் இல்லாத வண்டிக்குப் பக்கத்து வண்டிக்காரன் செய்கிற உபகாரம்தான். எங்கள் ஸ்டாண்டில் இதை யாரும் சொல்லிக்காட்டுவதுகூட இல்லை.

ஒரு மணி நேரம் மரத்தடியில் தூங்கி எழுந்தபோது செங்கோட்டைக்குச் சவாரி வந்தது. படுதாவை உருவி எடுத்துக்கொண்டு நான் போய்விட்டேன்.

பிள்ளையைத் தேடி அவர் ஓடி வந்தபோது கார் நீலமாகத்தான் நின்றிருக்கும்.